சோபியா கொவலெவ்ஸ்காயா

அறிஞர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளை எண்ணி அவர்தம் பெருமையை அளக்கும் வழக்கம் இன்று கல்வி உலகில் பரவியுள்ளது. அக்கணக்கின்படி நோக்கினால், சோபியா கொவலெவ்ஸ்காயா அம்மையார் மிகுதியாக எழுதியவர் அல்லர். கணிதத்தில் அவர் வெளியிட்டவை ஏறத்தாழப் பத்துக் கட்டுரைகளே. அவற்றுள்ளும் ஒன்றில், படிகங்களின் ஊடே ஒளி செல்லும் முறையைப் பற்றியதில், பிழை இருந்ததை வோல்ட்டெரா என்னும் இத்தாலிய அறிஞர் பின்னர் எடுத்துக்காட்டினார். ஆயினும் எஞ்சியவற்றுள் இரண்டு, நூறாண்டுகள் கடந்தும் கணித நூல்களை விட்டு நீங்கவில்லை.

சோபியா 1850ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையார் பீரங்கிப் படைத் தளபதி. அவர்களது நாட்டுப்புற மாளிகைக்குச் சுவர்த்தாள் ஒட்டியபோது குழந்தைகள் அறைக்கு மட்டும் தாள் போதவில்லை. ஆகவே, தந்தையார் இளமையில் பயின்ற நுண்கணித விரிவுரைத் தாள்களையே அங்கு ஒட்டினர். பொருள் விளங்காத அக்குறியீடுகளைச் சிறுமி சோபியா நெடுநேரம் நோக்கி நிற்பது வழக்கமாயிற்று.

அக்காலத்து ரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களுக்குக் கதவடைத்திருந்தன. மணமாகாத பெண் தனியே வெளிநாடு செல்லுதலும் அரிது. எனவே, கல்வி பெறும் பொருட்டே 1868ஆம் ஆண்டில் விளாதிமிர் கொவலெவ்ஸ்கி என்பவரை மணந்து, ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லின் பல்கலைக்கழகமும் இடந்தரவில்லை. ஆனால் அங்கிருந்த பேரறிஞர் வயர்ஸ்ட்ராஸ் நான்கு ஆண்டுகள் அவருக்குத் தனியே கற்பித்தார். 1874ஆம் ஆண்டில் கெட்டிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அதற்கென அவர் அளித்த கட்டுரைகளுள் ஒன்று, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு எந்நிலையில் தீர்வு உறுதியாக உண்டு என்பதை நிறுவியது. அத்தேற்றம் இன்றும் கோஷி, கொவலெவ்ஸ்காயா இருவர் பெயராலும் வழங்குகிறது.

பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பியவருக்குத் தகுந்த பதவி கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் கணிதத்தையே விட்டிருந்தார். 1883ஆம் ஆண்டில் கணவர் இறந்தார். அவ்வாண்டிலேயே, மிட்டாக்-லெஃப்லர் என்னும் அறிஞரின் முயற்சியால் சுவீடனில் ஸ்டாக்ஹோம் நகரில் கற்பிக்கும் வாய்ப்பு அமைந்தது.

அங்கேதான் அவர் பம்பரத்தின் கணக்கை எடுத்துக்கொண்டார். சுழலும் பம்பரம் சாய்கிறது, நிமிர்கிறது, தலையாட்டுகிறது. குழந்தைகள் கண்டு மகிழும் இவ்வியக்கத்தைக் கூறும் வகைக்கெழுச் சமன்பாடுகள் நேரியல்பு அற்றவை. நேரியல் சமன்பாடாயின் இரு தீர்வுகளைக் கூட்டி மூன்றாவது தீர்வைப் பெறலாம். இவற்றில் அவ்வழி செல்லாது. ஆய்லர் ஒரு வகைக்கும், லக்ராஞ்சு மற்றொரு வகைக்கும் விடை கண்டிருந்தனர். பின்னர் நூறாண்டு அளவில் புதிய வகை எதுவும் அகப்படவில்லை.

அம்மையார் புதுவழி ஒன்று கண்டார். காலத்தைக் கற்பனை எண்களும் கலந்த சிக்கலெண்ணாகக் கொண்டார். அப்போது தீர்வு எவ்வகைப் பம்பரத்திற்கு ஒழுங்கு குலையாமல் அமையும் என்று வினவினார். பழைய இரு வகைகளோடு மூன்றாவது ஒன்றும் வெளிப்பட்டது. பாரிசு அறிவியல் கழகம் 1888ஆம் ஆண்டில் இதற்குப் போர்தின் பரிசை அளித்தது. போட்டியாளர் பெயரை மறைத்தே கட்டுரைகளை ஆராய்ந்தனர். ஆய்வின் சிறப்புக் கருதி 3,000 பிராங்காக இருந்த பரிசுத் தொகையை 5,000 ஆக உயர்த்தினர். மறு ஆண்டில் ஸ்டாக்ஹோமில் அவரது பேராசிரியர் பதவி நிலையாயிற்று.

1891ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், நுரையீரல் அழற்சியால், 41ஆம் வயதில் அவர் மறைந்தார். பம்பரத்துக்கு அவர் கண்ட விடையினும் அவர் கேட்ட வினாவே மிகுதியாகப் பயன்பட்டது என்று கூறலாம். பிற்காலத்தில் பிரான்சு நாட்டின் தலைமை அமைச்சராகவும் விளங்கிய பன்லெவே என்னும் கணித அறிஞர் அவ்வினாவையே பிற சமன்பாடுகளிடமும் கேட்டார். அவ்வழியில் ஆறு புதிய சமன்பாடுகள் கிடைத்தன. 1970களின் இறுதியில் நீரலை, ஒளியலை முதலியவற்றை ஆய்ந்தவர்கள், தம் சமன்பாடுகள் முற்றும் தீர்க்கத்தக்கவையா என்று அறிய அச்சோதனையை மீண்டும் கையில் எடுத்தனர்.