குறுவாளும் எழுதுகோலும்

செருமானியப் பெருங்கவிஞர் கதே இளமையில் இரவுதோறும் படுக்கையருகே கூரிய குறுவாள் ஒன்றை வைத்திருந்தார். விளக்கை அணைக்குமுன் அதன் முனையை மார்பில் அழுத்திப் பார்ப்பார். உள்ளே செலுத்த மனம் துணியாது. ஒருநாள் தம்மைத் தாமே நகைத்துக்கொண்டு, வாழ்வதென முடிவு செய்தார். வாழ வேண்டுமானால் நெஞ்சை வருத்தியதை எழுதித் தீர்க்க வேண்டும் என்பதையும் அவர் அப்போதே உணர்ந்தார். இதனைத் தம் தன்வரலாற்றில் அவரே பதிவு செய்துள்ளார்.

1772ஆம் ஆண்டுக் கோடையில் வெட்ஸ்லார் நகரில் சட்டப் பயிற்சி பெற்றபோது, சார்லோத்தே என்னும் பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அவளோ அவருடைய நண்பர் கெஸ்ட்னருக்கு உரியவள். செப்டம்பரில் விடைகூடப் பெறாமல் ஊரை நீங்கினார். அடுத்த மாதமே, அதே ஊரில் பணியாற்றிய யெருசலேம் என்னும் இளைஞர், மணமான பெண் ஒருத்தியின்மீது கொண்ட காதல் கைகூடாமையால் தம்மைச் சுட்டுக்கொண்டு மாண்டார். துப்பாக்கிகள் கெஸ்ட்னரிடம் இரவல் வாங்கியவை.

உணர்ச்சி கொதித்த அன்றே கவிஞர் எழுதிவிட்டார் என்று எண்ணுவோர் உண்டு. அது பிழை. யெருசலேமின் இறுதி நாள்களைப் பற்றிக் கெஸ்ட்னர் எழுதிய விரிவான மடல் அவரிடம் ஓராண்டுக்கும் மேல் கிடந்தது. தம் காதலும் பிறர் மரணமும் ஒன்றாய்க் கலந்து ஊறிய பின்னரே, 1774இல் நான்கு வாரங்களில் 'வெர்தர்' புதினம் உருவாயிற்று. எழுதியவர் பிழைத்தார்.

படித்தவர்கள்? வெர்தரின் நீலச் சட்டையும் மஞ்சள் உள்சட்டையும் இளைஞரிடையே பரவின. 1775இல் லைப்சிக் நகரம் நூலையும் அவ்வுடையையும் சேர்த்தே தடை செய்தது. 1778 சனவரியில் வைமார் நகரில், கதேயின் தோட்ட வீட்டருகே ஓடும் இல்ம் ஆற்றில் இளம்பெண் ஒருத்தி மூழ்கி இறந்தாள். அவள் சட்டைப்பையில் வெர்தர் நூல் இருந்ததாகச் சொல்வதுண்டு. அது உண்மையோ கதையோ, கதேயை அச்சாவு உலுக்கியது. அவர் கவிதை எழுத அமரவில்லை. தோட்டக்காரருடன் சேர்ந்து, அவள் நினைவாக ஆற்றங்கரைப் பாறையைக் குடையலானார்.

வைமார் அரசவையில் அவர் ஏற்ற சாலைப்பணி, சுரங்கப்பணி, நிதிப்பணி முதலியவற்றை வெறும் பிழைப்பு என ஒதுக்குதல் தகாது. கட்டுக்கடங்காத இளைஞராய் 1775இல் அங்கு வந்தவரை அலுவல்களே பழக்கி எடுத்தன. எனினும் அவை அவருள் கனன்ற நெருப்பை அணைத்துவிடவில்லை.

1823இல், எழுபத்து நான்கை எட்டிய அம்முதியவர், மரியன்பாத் நீரூற்று நகரில் பத்தொன்பது வயது உல்ரிக்கேயை மணக்க விரும்பினார். அவர் சார்பில் வைமார் அரசரே பெண் கேட்டார். கேட்டது கிடைக்கவில்லை. செப்டம்பரில் ஊர் திரும்பும் வழியில், குதிரை வண்டியிலேயே மரியன்பாத் இரங்கற்பாவை இயற்றத் தொடங்கினார். பின்னர் அழகிய எழுத்தில் படியெடுத்து, பட்டு நாடாவால் கட்டி, சிவப்புத் தோலுறையில் இட்டுப் பாதுகாத்தார். அக்குளிர்காலத்தில் கடுநோய் கண்டபோது, நண்பர் செல்டர் படுக்கையருகே அமர்ந்து அதே பாடலை மீண்டும் மீண்டும் படித்துக் காட்டினார். தம் வேதனையைப் பிறர் குரலில் கேட்டுக் கேட்டே கிழவர் எழுந்து அமர்ந்தார்.

மறு ஆண்டு, வெர்தரின் ஐம்பதாண்டு நிறைவுப் பதிப்புக்கு முன்னுரை வேண்டினார் பதிப்பாளர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தம் கையால் சாகவிட்ட அவ்விளைஞனை விளித்துக் கதே ஒரு கவிதை எழுதினார். மரியன்பாத் பாடலைத் தொகுப்பில் சேர்த்தபோது, அதற்கு முன்னால் இக்கவிதையை வைத்தார்.