பூஜ்யத்தைப் பங்கிடக் கேட்ட மாணவர்

கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் ஜவுளிக் கடைக் கணக்கர், வீட்டில் வறுமை.

பள்ளிப் பருவத்தில் அவர் கேட்டதாக ஒரு கேள்வி பிரசித்தம். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்றுதான் வருமென்று, பழங்களைப் பங்கிடும் உதாரணத்தோடு ஆசிரியர் விளக்கினாராம். பழமும் இல்லை, பங்கு கேட்க ஆளும் இல்லையென்றால் அப்போதும் ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று இராமானுஜன் எழுந்து கேட்டாராம்.

சிறுபிள்ளைக் கேள்வியென்று இதைத் தள்ளிவிட முடியாது. வகுத்தது சரியா என்று பெருக்கித்தானே பார்க்கிறோம்? பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யமே. ஆகவே அந்த விடை ஒன்று என்றாலும் பொருந்தும், ஆயிரம் என்றாலும் பொருந்தும். ஐந்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலோ பொருந்தும் எண்ணே இல்லை! 628-ல் பிரம்மகுப்தரே பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று எழுதிவிட்டார்.

இன்று பெருமுக்கல்லிலோ திண்டிவனத்திலோ பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, விகிதமுறு கோவைப் பாடத்தில் இதையே ‘விலக்கப்பட்ட மதிப்பு’ என்று படிக்கிறது. ஓர் எண்ணின் வர்க்கத்தில் 9-ஐக் கழித்து, அதனை, அதே எண்ணில் 3-ஐக் கழித்து வந்ததால் வகுப்பதாகக் கொள்வோம். சுருக்கினால் அந்த எண்ணோடு 3-ஐக் கூட்டியதாகும். சுருக்கிய பின் 3-ஐப் போட்டு விடை 6 என்று சொல்லிவிடக் கூடாது. முதலிலேயே கீழே பூஜ்யம் வந்துவிடுகிறது. எனவே 3 விலக்கப்பட்டது. ஃபராயிள் ஓதியவர்களுக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. பங்கு போடுமுன் வாரிசு யார், யாரென்று தீர்மானிப்பதுதானே அங்கும் முதல் வேலை!

கணிதத்திலேயே மூழ்கிய இராமானுஜன் மற்றப் பாடங்களில் தவறினார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேறவில்லை. 1909-ல் திருமணமும் ஆகிவிட்டது. 1910-ல் வேலை தேடி ரயிலேறியவர், நம் விழுப்புரத்தில் வண்டி மாறித் திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்தார். அங்கே டிப்டி கலெக்டராயிருந்தவர், 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த வி. இராமசாமி ஐயர். இராமானுஜன் கேட்டது ஒரு குமாஸ்தா வேலைதான். நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த ஐயர் தர மறுத்தார்! இரக்கமில்லாமல் அல்ல, கச்சேரிக் காகிதங்களுக்கிடையே இந்த அறிவு புதைந்துவிடுமே என்ற கவலை. வேலைக்குப் பதிலாகச் சென்னைக் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். பசியோடு வந்தவருக்கு அன்று அது எப்படி இருந்திருக்குமோ! ஆயினும் வேலை தந்திருந்தால் அதைவிடப் பெரிய உதவியாக இருந்திராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1911-ல் அக்கழகத்தின் சஞ்சிகையில் முதல் கட்டுரை வெளிவந்தது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-ல் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டிக்குக் கடிதம். 1914-ல் கப்பல் பயணம். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் காலமானார். வயது 32. அந்த நோட்டுப் புத்தகங்களின் முடிவுகளை நிரூபணங்களோடு அமெரிக்கக் கணிதர் புரூஸ் பெர்ண்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார்.