ஹோமி பாபாவும் கடல்நீர்க் கனவும்

அருப்புக்கோட்டையிலே விசைத்தறி ஓடுவதும், குண்டாற்றங்கரைத் திருச்சுழிப் பக்கத்துக் கிணறுகளினின்று நீர் ஏறுவதும் மின்சாரத்தினாலன்றோ? மழை பொய்க்கும் அச்சீமையினின்றும் நம் கலாசாலைக்கு வரும் மாணவர்க்கு அதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. அம்மின்சாரத்திற்கு வேண்டிய எரிபொருளைக் கடல்நீரே தரும் என்று உலகத்தார்முன் துணிந்துரைத்த நம் நாட்டறிஞரொருவர் சரிதையை ஈண்டுக் கூறுவாம்.

ஹோமி ஜெஹாங்கீர் பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் பம்பாயில் செல்வமிக்க பார்சிக் குடும்பமொன்றிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிலே தந்தையார் விருப்பப்படி யந்திரப் பொறியியல் கற்றுத் தேறிய பின்னரே, தம் மனம் நாடிய பௌதிக சாஸ்திரத்திற் புகுந்தார். 1939-இல் விடுமுறைக்கு வந்தவரை யுத்தம் தாய்நாட்டிலேயே நிறுத்திவிட்டது. பெங்களூரில் இராமனிருந்த விஞ்ஞானக் கழகத்திற் பணியேற்றார்.

ஆராய்ச்சிக்குப் பொருள் வேண்டும். 1944-இல் அவர் டாட்டா தருமநிதியாருக்கு எழுதிய விண்ணப்பத்தின் பயனாக மறு ஆண்டே ஓர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றிற்று. ஆனால் அணு உலைகள் தருமப் பணத்தால் எழுவன அல்ல. 1948-இல் அணுச்சக்திக் கமிஷன் அமைய, பாபா அதன் தலைவரானார். 1954-இல் பிரதம மந்திரியின் நேர்ப்பார்வையிலேயே தனி இலாகா ஏற்பட்டது. நேருவின் நண்பராதலின் சர்க்கார் பொக்கிஷம் அவருக்கு எளிதில் திறந்தது. மேகநாத சாகா என்னும் பேரறிஞர், ஆராய்ச்சி மறைவில் நடப்பதையும், சர்வகலாசாலைகள் புறத்தே விடப்படுவதையும் கண்டித்தார். பசி தீராத நாட்டிலே பொதுப்பணம் எங்கே செல்கின்றதென்று கேட்பது குற்றமாகுமா? சாகாவின் வாதத்தில் நியாயம் உண்டென்றே நமக்குத் தோன்றுகின்றது.

1955 ஆகஸ்டில் ஜெனீவா நகரிற் கூடிய சர்வதேச அணுச்சக்தி மகாநாட்டுக்குப் பாபா அக்கிராசனர், வயது நாற்பத்தைந்து. பெரிய அணுக்கருவைப் பிளப்பது ஒரு வழி. சிறிய கருக்களை இணைப்பது மற்றொன்று. சூரியன் ஒளிர்வது இதனாலேயே. இவ்விணைப்பை அடக்கியாளும் உபாயம் இரண்டு தசாப்தங்களுள் கிட்டும் என்றும், பின்னர்க் கடலிலுள்ள கன ஹைட்ரஜனே உலகிற்கு எரிபொருளாகும் என்றும் அவர் முன்னறிவித்தார். பெரிய வல்லரசுகள் இவ்வாராய்ச்சியை இரகசியமாய் நடத்திய காலம் அது; அமெரிக்காவும் பிரிட்டனும் 1958-இலேதான் திரையை நீக்கின.

1966 ஜனவரி 24-ஆம் நாள் மோன் பிளாங்க் மலைமீது விமானம் மோதிப் பாபா மாண்டார். அவர் குறித்த தவணை 1975-இற் கழிந்தது, வாக்குப் பலிக்கவில்லை. பத்துக் கோடி டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமுடைய வாயுவை எந்தப் பாத்திரமும் தாங்காது; காந்த வலிமையால் அந்தரத்திற் கட்டி நிறுத்துவதே பெருந்தொல்லை. காந்திநகரத்துப் பிளாஸ்மா ஆராய்ச்சிக் கழகத்தில் ஆதித்யா என்னும் யந்திரம் 1989-இல் இயங்கத் தொடங்கிற்று. அதுவும் சர்க்கார் பணமே. மின்சாரத்தை வியாபாரமாய் விற்க எண்ணும் அமெரிக்கக் கம்பெனிகள் எட்டிற்கு, 2023-இல் அந்நாட்டுச் சர்க்கார் 4 கோடியே 60 லட்சம் டாலர் ஒதுக்கியது. முதலாளிகளும் இத்துறையிற் பொக்கிஷத்தை நோக்கியே நிற்கின்றனர்.

பிரான்சு தேசத்துக் கதராஷில் எழும் ஈட்டர் என்னும் பேருலையில் இந்தியா 2005-இற் பங்காளியாயிற்று. அவ்வுலையைச் சூழும் எஃகுக் கலத்தின் பகுதிகள் குஜராத்து ஹஜீராவிற் செய்யப்பட்டுக் கப்பலேறிச் சென்றன. உயரம் ஏறத்தாழ 30 மீட்டர். கலம் ஆயத்தமாயினும், உள்ளே மூட்டவேண்டிய சூரியன் இன்னும் மூளவில்லை.