டிரில் மாஸ்டரை ஆசிரியர் ஆக்கியவர்

பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுக்க ஒரு படிப்பு வேண்டுமா? நூறு ஆண்டுகளுக்கு முன்பு இப்படிக் கேட்டால், எல்லோரும் சிரித்திருப்பார்கள். வேண்டும் என்று சொல்லி, அந்தப் படிப்பைச் சென்னையில் தொடங்கிக் காட்டினார் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் ஹாரி குரோ பக்.

கூடைப்பந்து பிறந்த இடம்

பக் 1884-ம் ஆண்டு அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்பீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. சங்கம் நடத்திய பயிற்சிக் கல்லூரியில் படித்தார்.

கூடைப்பந்து பிறந்தது அந்தக் கல்லூரியில்தான்! பனிக்காலத்தில் மாணவர்கள் வெளியே ஆட முடியவில்லை. அவர்களுக்காக 1891-ம் ஆண்டு ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இந்தப் புது ஆட்டத்தை உண்டாக்கினார். ஆளுக்கும் இடத்துக்கும் தக்கபடி ஆட்டத்தை அமைக்க வேண்டும். அதுதான் அந்தக் கல்லூரியின் வழி.

ஐந்தே மாணவர்கள்

1919-ம் ஆண்டு பக் இந்தியாவுக்கு வந்தார். அந்தக் காலத்தில் பல பள்ளிகளில் டிரில் மாஸ்டர்தான் உண்டு. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் அந்த வேலைக்கு வந்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள், கையைத் தூக்குவார்கள், இறக்குவார்கள். அதோடு சரி! சிரிப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை. வாத்தியார்கள் கூட்டத்தில் டிரில் மாஸ்டருக்கு மதிப்பும் குறைவு.

இந்த நிலையை மாற்றப் புறப்பட்டார் பக். 1920-ம் ஆண்டு சென்னையில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கான பள்ளியைத் தொடங்கினார். சேர்ந்தவர்கள் ஐந்தே பேர்! அவர் மனம் தளரவில்லை. உடலின் அமைப்பு, ஆட்ட விதிகள், சொல்லிக் கொடுக்கும் முறை எல்லாம் அங்கே பாடங்கள் ஆயின. மனைவி மேரியும் அவர் பணிக்குத் துணை நின்றார். ஆட்டங்களின் விதிகளைத் தொகுத்துப் பக் ஒரு நூலும் எழுதினார்.

பாரிஸ் பயணம்

1924-ம் ஆண்டு பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. இந்திய வீரர்களுக்கு மானேஜராகப் போனவர் பக். அதே பந்தயத்தில் நம் நாட்டினர் டென்னிசும் ஆடினார்கள். சிட்னி ஜேக்கப் கால் இறுதி வரை முன்னேறினார். நோரா பாலி என்ற பெண்மணியும் களம் இறங்கினார்.

சைதாப்பேட்டைத் திடல்

1931-ம் ஆண்டு கடற்கரையில் இருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பட்டணம் தெற்கே வளர்ந்தது. அந்த ஆண்டுகளில்தான் பக்கின் கல்லூரியும் சைதாப்பேட்டைக்கு வந்தது. அடையாற்றின் கரையில் விரிந்த திடல்கள் அதற்குக் கிடைத்தன. 1937-ம் ஆண்டு கிறிஸ்தவக் கல்லூரியும் தாம்பரத்துக்குக் குடியேறியது.

சைதாப்பேட்டையில் பயின்றவர்கள் பல ஊர்ப் பள்ளிகளுக்குப் போனார்கள். கையில் பந்தும் வாயில் விசிலுமாக ஒரு புது வாத்தியாரைப் பிள்ளைகள் கண்டார்கள். ஐந்து பேருடன் தொடங்கிய பணியைக் கடைசி வரை பக் விடவில்லை. 1943-ம் ஆண்டு அவர் காலமானார்.

இன்றும் அதே பாடம்

அவருடைய கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே, மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்று ஒரு பல்கலைக்கழகமே இருக்கிறது.

பெற்றோர்களே! டென்னிஸ் திடலின் நீளம் 78 அடி. ஆறு வயதுப் பிள்ளையை அங்கே நிறுத்தி, பெரியவர்களின் பந்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? பந்து தலைக்கு மேல் எழும்பும். பிள்ளை பயந்து மட்டையைப் போட்டுவிடும். அதனால் இப்போது சிறுவர்களுக்கு 36 அடித் திடலும், மெதுவாக வரும் சிவப்புப் பந்தும், சின்ன மட்டையும் தருகிறார்கள். 2012-ம் ஆண்டு முதல் 10 வயதுக்கு உட்பட்டவர்களின் போட்டிகளில், வேகம் குறைந்த பந்துதான் சர்வதேச விதி.

ஆகவே, பிள்ளையைப் பயிற்சிக்குச் சேர்க்கும் முன் திடலைப் பாருங்கள், பந்தைப் பாருங்கள். முக்கியமாக, சொல்லிக் கொடுப்பவர் அதற்கென்று படித்தவரா என்று கேளுங்கள். அப்படிக் கேட்க நமக்கு வழி செய்தவர்களில் ஒருவர், ஐந்து மாணவர்களுடன் பள்ளி தொடங்கிய பக்!