ஈரலில் ஒளிந்திருந்த மஞ்சள் மருந்து

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ல் ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். ஏழைக் குடும்பம். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். மூன்றாம் முறை, சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது அவருக்குத் துறவு எண்ணம் வந்தது. மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை நாடினார். தாயார் சம்மதிக்கவில்லை. டாக்டராகித் தொண்டு செய்யும்படி மடத்துப் பெரியவர்கள் சொன்னார்கள். சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் குடும்பத்தை ஒரு நோய் சூறையாடியது. 'ஸ்ப்ரூ' என்னும் கிராணி நோய் அது. தின்பது உடம்பில் ஒட்டாது, இரத்தம் சுண்டிவிடும். அண்ணனும் தம்பியும் எட்டு நாள் இடைவெளியில் மாண்டார்கள். அந்த நோய்க்கு அப்போது சரியான மருந்தே இல்லை!

1923ல் சுப்பாராவ் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் போனார். ஆஸ்பத்திரியில் இரவுக் கூலி வேலை பார்த்துக்கொண்டே படித்தார். 1940ல் லெடர்லி மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார்.

இரத்தம் ஊறச் செய்யும் ஒரு சத்து ஈரலில் இருந்தது. ஆனால் ஒரு கிலோ ஈரலில் சில மில்லிகிராம்தான். எப்படிப் பிரிப்பது?

மஞ்சள்தூளைத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்கும். எண்ணெயில் போட்டால் நிறம் இறங்கும். இப்படி ஒவ்வொரு பொருளும் ஒன்றில் கரையும், இன்னொன்றில் கரையாது. எதில், எந்தச் சூட்டில், எவ்வளவு கரைகிறது என்று அளந்து பார்த்தால் பிரிக்க வழி பிறக்கும்.

இந்தச் சத்தின் குணம் விசித்திரமானது. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் இரண்டு மில்லிகிராம்கூடக் கரையாது. சாராயத்திலும் கரையாது. கொதிநீரில் கொஞ்சம் கரையும். ஆறவிட்டால் மஞ்சள் படிகமாகப் படியும். கரித்தூள் அதைப் பிடித்துக்கொள்ளும். அம்மோனியா பட்டால் விட்டுவிடும். பொறுமை வேண்டிய வேலை! சுப்பாராவின் கீழ் இருந்த விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1945ல் செயற்கையாகவே செய்துவிட்டார்கள். அதுதான் ஃபோலிக் அமிலம்.

1946க்குள் கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகள் அதை உண்டு தேறினார்கள். அண்ணனையும் தம்பியையும் கொன்ற அதே நோய்!

யானைக்கால் நோய்க்கும் புற்றுநோய்க்கும் மருந்து கண்டதிலும் சுப்பாராவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1948 ஆகஸ்டில், 53 வயதில், தாய்நாட்டை மறுபடி பார்க்காமலே காலமானார்.

கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் அவருடைய ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது.