விளக்கேந்திய அம்மையார் போட்ட கணக்கு

தஞ்சோங் ரம்புத்தானில் தாதிமார்களைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை. 1911 முதல் மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் இது. தாதிப் படிப்புக்குப் போகும் நம் பெண்கள் இரத்தத்தைக் கண்டு பயப்படுவதில்லை. நோய்ப்பரவலியல், புள்ளியியல் என்று கணக்குப் பாடம் வந்தால்தான் மிரண்டு போகிறார்கள். அவர்கள் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

1820 மே 12-ஆம் நாள் இத்தாலியில் பிறந்த இவர் பணக்கார ஆங்கிலக் குடும்பத்துப் பெண். பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று தாயார் தடுத்தும் விடாப்பிடியாகக் கற்றார். 1851-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் தாதிப் பயிற்சி பெற்றார்.

1854-இல் கிரிமியா போர். 38 தாதியரோடு துருக்கியின் ஸ்குட்டாரி இராணுவ மருத்துவமனைக்கு வந்தார். இரவில் விளக்கோடு சுற்றிவந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் வந்து மூன்று மாதம் ஆன பிறகும், 1855 பிப்ரவரியில், அங்கே 100-க்குச் சுமார் 42 நோயாளிகள் மாண்டார்கள். மார்ச்சில் சுகாதாரக் குழு வந்து, அடைபட்ட சாக்கடையை வாரி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூனில் அது 100-க்கு 2 ஆயிற்று!

ஊர் திரும்பிய அம்மையார், வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரோடு பதிவேடுகளைப் புரட்டினார். குண்டடியைவிடத் தொற்றுநோயே அதிகம் பேரைக் கொன்றது தெரிந்தது. அதிலும் போர்முனை மருத்துவமனைகளைவிடத் தாம் வேலை பார்த்த இடத்திலேதான் சாவு அதிகம். வேறொருவர் என்றால் அந்த நோட்டை மூடி வைத்திருப்பார். இவர் அச்சிட்டு மந்திரிமாரிடம் கொடுத்தார்.

செக்ரோல் பார்த்துப் பழகிய தோட்டத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். மேல் டிவிஷனில் 10 பேருக்குக் காய்ச்சல், கீழ் டிவிஷனில் 6 பேருக்கு என்று வைத்துக்கொள்வோம். மேலேதான் மோசம் என்போம். மேலே 500 பேர், கீழே 60 பேர் என்றால்? 1000-க்கு மேலே 20, கீழே 100. டிரஸ்ஸர் ஓடவேண்டியது கீழ் டிவிஷனுக்கு! எத்தனை பேர் என்பதோடு, எத்தனை பேரில் என்றும் கேட்கணும்.

போரே இல்லாத காலத்திலும், படைவீட்டுச் சிப்பாய்கள் அதே வயதுப் பொதுமக்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சாகிறார்கள் என்று அம்மையார் இப்படித்தான் காட்டினார். எண்களைப் படிக்க அலுத்துக்கொள்ளும் பெரிய மனிதர்களுக்காக வண்ணப் படமும் போட்டார். தடுத்திருக்கக்கூடிய நோய்ச்சாவு நீலம், காயத்தால் வந்த சாவு சிவப்பு. நீலம்தான் படத்தை நிறைத்து நின்றது. 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை முதல் பெண் உறுப்பினராக்கியது. 1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் தாதியர் பள்ளி தோன்றியது.

இந்திய மண்ணை மிதிக்காமலே, நோய்ப் படுக்கையிலிருந்து அங்குள்ள படைமுகாம்களுக்குக் கேள்வித்தாள் தயாரித்தார். 1863-இல் வந்த அறிக்கை 1000-க்கு 69 சாவு என்றது. பத்து வருடத்தில் அது 18 ஆனதாக அம்மையார் எழுதினார். அது வெள்ளைச் சிப்பாய்களின் கணக்குதான். நம் ஜனங்களை அதில் எண்ணவில்லை. குடியானவர் படும் பாடும் பஞ்சமும் பிற்பாடுதான் அவர் எழுத்தில் இடம் பிடித்தன.

1891-இல் ஆக்ஸ்ஃபோர்டில் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி ஏற்படுத்த முயன்றார், கைகூடவில்லை. 1910 ஆகஸ்டு 13 அன்று, 90 வயதில், லண்டனில் காலமானார்.