பழநிக்குப் போகாத பாம்பன் சுவாமிகள்

ஓம் சரவணபவ.

போன பதிவுக்குப் பிறகு நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. சண்முக கவசத்துக்கு உண்மையான அர்த்தம் என்ன, அதை எப்படிப் புரிஞ்சுக்கணும்னு. எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி, அதைப் பாடியவருடைய வாழ்க்கையைச் சொல்வதுதான். பாம்பன் ஸ்ரீமத் குமரகுருதாச சுவாமிகளை உங்களில் பல பேருக்குத் தெரியும். தெரிஞ்ச கதைதானேன்னு தள்ளிடாம கடைசி வரை படிங்க.

நான் பிறந்தது பழவேற்காட்டுப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஏரி. அப்பா விடியக்காலையில் போட் எடுக்கும் முன்னாடி சண்முக கவசம் சொல்லாமல் கிளம்ப மாட்டார். அவருக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் கிடையாது. ஆனால் முப்பது பாட்டும் மனப்பாடம். சின்ன வயசில் இது ஏதோ எங்க ஊர்ப் பாட்டுன்னுதான் நினைச்சுட்டு இருந்தேன். இதைப் பாடியவரும் எங்களை மாதிரியே ரெண்டு பக்கமும் தண்ணி சூழ்ந்த ஊரில், கடல் காற்றில் வளர்ந்தவர்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

சுவாமிகள் பிறந்தது ராமேசுவரத்தில், 1850ஐ ஒட்டிய வருஷங்களில். அப்பா சாத்தப்ப பிள்ளை, அம்மா செங்கமலம். வீட்டில் வைத்த பெயர் அப்பாவு. குடும்பம் இருந்தது பாம்பனில். சிறு வயதிலேயே கந்த சஷ்டி கவசத்தில் மனசு போயிடுச்சு. தேவராய சுவாமிகள் பாடினது போல நாமும் ஒன்று பாட முடியாதான்னு ஒரு ஏக்கம். பதின்மூன்று வயது வாக்கில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தென்னந்தோப்பில் உட்கார்ந்து ஓலையில் முதல் பாட்டை எழுதினார். அன்று முதல் தினம் ஒரு பாட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி எழுதி முடிச்சுடணும்னு தனக்குத்தானே விதி வைத்து நூறு பாட்டு பாடினார். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அருணகிரிநாதர் பெயர் வரும். நானூறு வருஷத்துக்கும் முந்தி வாழ்ந்த அருணகிரியாரையே குருவாக வரித்துக்கொண்டார். ராமேசுவரத்தைச் சேர்ந்த சேதுமாதவ ஐயர் அக்னி தீர்த்தத்தில் அவருக்கு ஆறெழுத்து மந்திர உபதேசம் செய்தார். தமிழோடு வடமொழியும் கற்றார்.

1878இல் திருமணம். மூன்று பிள்ளைகள். வியாபாரம், தோட்டம், குடும்ப வழக்கு என்று எல்லாரையும் போலத்தான் அவருக்கும் நாள் ஓடியது. உள்ளே மட்டும் துறவு பற்றிய நினைப்பு வளர்ந்துகிட்டே இருந்தது.

1891இல் சண்முக கவசம் பாடினார். நோயாலும் பயத்தாலும் தவிக்கிறவங்களுக்குத் துணையாக இருக்கணும் என்பது நோக்கம். அதில் முப்பது பாட்டு. உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு, ஆக முப்பது. ஒவ்வொரு பாட்டும் அந்த வரிசைப்படியே தொடங்கும். தலையிலிருந்து பாதம் வரை ஒவ்வொரு உறுப்பையும் சொல்லி, முருகா நீ காக்க வேணும்னு கேட்டுக்கொண்டே போகிறார்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். அவர் பாம்பனில் குடும்பத்தோடு இருந்த காலம் அது.

பழநிக்குப் போய்த் துறவு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சுவாமிகளுக்கு ஆசை. கிளம்பும் முன் நண்பர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னார். நண்பர், இது முருகன் உத்தரவா என்று கேட்டார். சுவாமிகள் ஆமாம் என்றுவிட்டார். உத்தரவு எதுவும் வரவில்லை. ஆசை அவருடையது. தடுத்துப் பேசாமல் இருக்கட்டும் என்று முருகன் பேரைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். நம்ம கணக்கில் இது பொய்யே கிடையாது, சின்னச் சமாளிப்பு.

பிறகு முருகன் அவர் முன் சினந்த முகத்தோடு தோன்றி, விரலை ஆட்டி எச்சரித்தான் என்று வரலாறு சொல்கிறது. நான் சொல்லாததைச் சொன்னதாக எப்படிச் சொன்னாய் என்று கேட்டான். சுவாமிகள் நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டார். நான் அழைக்கும் வரை பழநிக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டு மறைந்தான்.

அந்த அழைப்பு வரவே இல்லை. அதற்கப்புறம் பல பத்து வருஷம் வாழ்ந்தார். காசி வரைக்கும் போய் வந்தார். ஆனால் ஆயிரக்கணக்கில் முருகன் பாட்டுப் பாடிய ஒருவர், வாழ்நாள் முழுக்கப் பழநி மலையில் கால் வைக்கவில்லை.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றிருக்கேன். சுவாமிகள் சாதாரணப் படிப்பாளி கிடையாது. 6666 பாடல்கள், அதோடு 32 வியாசங்கள். வேதம், உபநிடதம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். சாந்தோக்கிய உபநிடதத்தின் எட்டாவது அத்தியாயத்தில் தகர வித்தை என்று ஒன்று வருகிறது. இதயத்துக்குள் ஒரு சின்ன இடம், அந்தச் சின்ன இடத்துக்குள் அண்டம் முழுக்க அடங்கியிருக்கிறது என்பது அதன் கருத்து. சுவாமிகளுடைய தகராலய ரகசியம் என்ற நூல் இதைப் பற்றித்தான். அந்த இதயக் குகையில் இருப்பவன் குகன். பரம்பொருள் என்று உபநிடதம் சொல்வதும், நம்ம வீட்டு மாடத்தில் வேல் பிடித்து நிற்பதும் ஒரே பொருள் என்கிற நிலையில் நின்று பேசியவர் அவர். ஒரு சொல்லுக்குள் மூன்று நாலு அடுக்கு அர்த்தம் பார்க்கத் தெரிந்தவர்.

அப்படிப்பட்டவர் நினைத்திருந்தால் தனக்கு வந்த உத்தரவுக்கும் வேறு அர்த்தம் கண்டுபிடித்திருக்க முடியாதா? பழநி என்றால் ஊர் அல்ல, பழம் நீ என்கிற தத்துவம், அதனால் ஊருக்குப் போவதில் தப்பில்லைன்னு சொல்லியிருக்கலாம். கனவில் ஒரு மயில் வந்தால் அதுதான் அழைப்புன்னு எடுத்துக்கிட்டிருக்கலாம். யாராவது அடியார் வந்து கூப்பிட்டால், அவர் வாயால் முருகனே கூப்பிட்டான்னு கிளம்பியிருக்கலாம். எதையும் செய்யவில்லை. மறைநூலுக்கு எத்தனையோ அடுக்கு பார்த்தவர், தன் ஆசையைக் கட்டுப்படுத்தும் சொல்லுக்கு மட்டும் நேர் அர்த்தம் ஒன்றையே வைத்துக்கொண்டார்.

நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

படிப்பு முடிந்த வருஷம் பெங்களூரில் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு அனுப்ப மனசில்லை. கோயிலில் பூ போட்டுப் பார்க்கச் சொன்னார். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். எனக்கு வந்தது சிவப்பு. வீட்டில் வந்து வெள்ளை என்று சொன்னேன். முருகனே சொல்லிட்டான் என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டி கட்டிக் கொடுத்தார். வேலை நல்லாத்தான் போகுது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் சுவாமிகளின் பழநிக் கதையை முதல்முறை படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போகணும்னு எனக்கு ஆசை, அதனால் போறேன்னு அம்மாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அழுதிருப்பார், சண்டை போட்டிருப்பார். ஆனால் முருகன் பேரைச் சொன்னதால் அவருக்குச் சண்டை போடும் உரிமைகூட இல்லாமல் போச்சு. அதுதான் அந்தப் பொய்யோட பாரம். போன தைப்பூசத்துக்கு ஊருக்குப் போனபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சாப்பிட வான்னு கூப்பிட்டார்.

சரி, சுவாமிகளிடம் திரும்புவோம். 1894இல் ராமநாதபுரம் பக்கம் பிறப்பன்வலசை என்ற ஊரில், மயானத்தில் குழி வெட்டி அதற்குள் தவத்தில் அமர்ந்தார். முப்பத்தைந்து நாள். பயமுறுத்தும் காட்சிகள் எத்தனையோ வந்தும் எழவில்லை. முடிவில் முருகன் அகத்தியரோடும் அருணகிரிநாதரோடும் வந்து உபதேசம் தந்து மறைந்தான் என்பது வரலாறு. உத்தரவு வந்ததாகச் சொல்லிப் பழநிக்குக் கிளம்பப் பார்த்தவருக்கு, நிஜமான உபதேசம் கூப்பிடாத மலையில் கிடைக்கவில்லை. சொந்த ஊர்ப்பக்கச் சுடுகாட்டுக் குழியில் கிடைத்தது. அடுத்த ஆண்டு வாக்கில் குடும்பத்தை விட்டுச் சென்னைக்கு வந்துவிட்டார். வடமொழி இல்லாமல் தமிழ் தனித்து நிற்காது என்று ஒரு பேச்சு எழுந்தபோது, வடசொல் கலக்காமல் சேந்தன் செந்தமிழ் பாடிக் காட்டியதும் இவர்தான்.

1923 டிசம்பர் 27. சென்னை தம்புச்செட்டித் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தார். குதிரை வண்டி ஒன்று மோதி, சக்கரம் இடது காலில் ஏறி எலும்பு முறிந்தது. எழுபதைத் தாண்டிய உடம்பு. பல வருஷமாக உப்பு சேர்க்காத உணவு. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இந்த வயதில் எலும்பு கூடுவது கஷ்டம் என்று மருத்துவர்கள் கவலைப்பட்டார்கள்.

இப்போ நேரடியாகக் கேட்கிறேன். தலை முதல் பாதம் வரை காக்கச் சொல்லிப் பாடியவருக்கே கால் முறிந்தது. அப்போ கவசம் பலிக்கவில்லையா? எங்க ஊரில் முகத்துவாரத்தில் போட் கவிழும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். கவசம் சொல்லிட்டுத்தானே போனான் என்பார்கள். உடனே இன்னொருத்தர், உச்சரிப்பு தப்பா இருந்திருக்கும், மீன் வாசனையோட சொல்லியிருப்பான் என்பார். அடிபட்டவன் மேலேயே பழியும் விழும். அவர்களுக்கெல்லாம் நான் சொல்றது ஒண்ணுதான். பாடினவரைவிடச் சுத்தமா யாரால் சொல்ல முடியும்?

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது பாருங்க. சுவாமிகளின் சீடர் ஒருவர் உருகி உருகிச் சண்முக கவசம் பாராயணம் செய்தார். முறிந்த இடத்தை வேல்கள் தாங்கி நிற்பதை அந்தச் சீடர் கண்டார் என்கிறார்கள். பதினோராம் நாள் இரவு சுவாமிகளுக்கு வானில் மயில்கள் ஆடி வரும் காட்சி கிடைத்தது. படுக்கைக்குப் பக்கத்தில் சிவந்த நிறத்தில் ஒரு குழந்தை. பிறகு எலும்பு கூடி, குணமாகி வெளியே வந்தார். இதைத்தான் இன்றும் மார்கழியில் மயூர வாகன சேவன விழாவாகக் கொண்டாடுகிறோம்.

இதில் ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும். ஒண்ணு, சுவாமிகள் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார். மருந்து வேண்டாம், கவசமே போதும்னு எழுந்து போகவில்லை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டுக் கவசம் சொல்லுங்கன்னு ஒரு செய்தி போன மாசம் நம்ம குழுவிலேயே சுத்துச்சு. தயவுசெய்து அதைப் பகிராதீங்க. அது முருகன் சொன்னதும் இல்லை, பாம்பன் சுவாமிகள் காட்டின வழியும் இல்லை. ரெண்டாவது, கட்டிலில் கிடந்தவருக்காக இன்னொருத்தர் பாடினார். அவர் ஊருக்காகப் பாடி வைத்தது, 32 வருஷம் கழித்து இன்னொருத்தர் வாய் வழியாக அவருக்கே திரும்பி வந்தது.

கவசத்துக்கு முதல் அடுக்கு உடம்பு. அது பாட்டிலேயே இருக்கிறது. ரெண்டாவது அடுக்காக நான் பார்ப்பது அந்த முப்பது எழுத்தை. நாம் பேசுற எந்தச் சொல்லும் அந்த முப்பதுக்கு வெளியே கிடையாது. நல்ல சொல்லும் அதில்தான், பொய்யும் அதில்தான். அத்தனை எழுத்திலும் முருகன் பேரை வைத்துக் கட்டிவிட்டால், கவசம் முதலில் மூடுவது நம்ம நாக்கை. பழநி விஷயத்தில் ஒரே ஒரு சொல்லுக்காக அவர் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு அப்படித்தான் தோணுது. மூன்றாவது, தகராலயம். காக்க வேண்டிய இடமும் காப்பவன் இருக்கும் இடமும் ஒரே இதயம்.

முதல் அடுக்கு சுவாமிகள் சொன்னது. மற்ற ரெண்டையும் இப்படி முடிச்சுப் போட்டது நான். சுவாமிகள் இப்படிச் சொன்னார்னு யாரும் எடுத்துக்காதீங்க, முருகன் உத்தரவுன்னு அனுப்பவும் வேண்டாம். அர்த்தம் தேடுவதில் தப்பே இல்லை. தேடிக் கண்ட அர்த்தத்துக்குக் கீழே நம்ம கையெழுத்தைப் போடணும், அவன் கையெழுத்தைப் போடக்கூடாது. இதுதான் அந்த வாழ்க்கையிலிருந்து நான் கற்றுக்கொண்டது.

1929 மே 30, வியாழக்கிழமை, சுவாமிகள் முருகன் திருவடி சேர்ந்தார். சமாதி திருவான்மியூரில் இருக்கிறது. சென்னை வரும் அடியார்கள் ஒருமுறை போய் உட்கார்ந்து பாருங்க. அமைதியான இடம்.

அப்பா இன்னும் விடியக்காலையில் கவசம் சொல்லிட்டுத்தான் கடலுக்குப் போகிறார். இதுக்கு என்னப்பா அர்த்தம்னு ஒருநாள் கேட்டேன். கரையில் நீங்க எல்லாரும் இருக்கீங்க என்கிற ஞாபகம் என்றார். அது நாலாவது அடுக்கோ என்னவோ.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!